சோளம் வயிற்றுக்கு, புகையிலை வட்டிக்கு

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரவு-செலவு போட்டுப் பார்ப்போம். வேடசந்தூர் பக்கம் சித்தப்பாவுக்கு இருக்கும் மூன்று ஏக்கரையும் நான் விட்டுவைக்கவில்லை.

இரண்டு ஏக்கர் சோளம், ஒரு ஏக்கர் புகையிலை. சோளம் சரி. நாம் தின்போம், தட்டையை மாடு தின்னும். கழுதைகூட முகர்ந்து பார்த்து ஒதுங்குகிற புகையிலை எதற்கு?

"தியேட்டர்ல படத்துக்கு முன்னாடியே கேன்சரைக் காட்டி மிரட்டறாங்க. நீங்க இதைப் போய்..."

"உனக்குச் சம்பளம் தினம் கொஞ்சமா தர்றாங்களா, மாசம் மொத்தமாவா?"

"மொத்தமாத்தான்."

"எனக்கும் வருஷத்துல ஒரு நாளாவது மொத்தமா வேணாமாடா?"

நியாயம்தான். சோள மூட்டையைத் தூக்கிப் போய் காலேஜில் பீஸ் கட்ட முடியாது. தக்காளி போடலாம், விலை விழுந்தால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து திரும்ப பஸ் சார்ஜ்கூட மிஞ்சாது. புகையிலை அப்படியல்ல. காயவைத்து, பதம் போட்டுச் சிப்பம் கட்டிவிட்டால் நல்ல விலைக்குக் காத்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தாலும் மெல்லும் புகையிலை தாங்கிக்கொள்ளும்.

ஆனால் காத்திருப்பது புகையிலைதான், சித்தப்பா அல்ல. ஐப்பசியில் நாற்று நடும்போதே வியாபாரி முன்பணம் தந்துவிடுகிறார். மாசியில் அவர் சொல்வதுதான் விலை. சோளத்துக்காவது அரசாங்கத்தின் ஆதரவு விலை உண்டு. புகையிலைக்கு அதுவும் இல்லை. 1976-ல் வந்த புகையிலை வாரியம் ஏலம் விடுவது ஆந்திர, கர்நாடக வர்ஜீனியா ரகத்தைத்தான். மெல்லும் புகையிலை அதன் கணக்கில் வராது.

சித்தப்பாவின் நோட்டைப் புரட்டினேன். உரம், மருந்து, வண்டிக் கூலி எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு அயிட்டம்தான் இல்லை: சித்தி. கொழுந்து கிள்ளுவது, சிம்பு ஒடிப்பது, இலை உலர்த்துவது எல்லாம் அவள்தான். ஈர இலையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நிகோடின் தோல் வழியாக இறங்கும், தலைசுற்றல், வாந்தி. அதற்குப் பெயர் வீட்டில் 'பித்தம்'. அவள் கூலியை எழுதினால் லாபம் பாதியாவது கரையும்.

2005-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் புகையிலை ஒப்பந்தத்தில், விவசாயிக்கு மாற்று வழி காட்ட வேண்டும் என்று 17-ஆம் பிரிவே இருக்கிறது. சொன்னேன்.

சித்தப்பா சிரித்தார். "மாத்துப் பயிர் சொல்றதுக்கு நிறையப் பேர் வர்றாங்க. ஐப்பசியில பணத்தோட வர்றது ஒரே ஒருத்தர்தான்டா!"