உயிர்க்கல்

பவளப்பூச்சிகள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூட்டுக்கு மீன்தொட்டிக்காரர்கள் வைத்த பெயர் ‘உயிருள்ள கல்’. மாமல்லபுரத்துக் கருங்கல்லுக்கு அந்தப் பட்டத்தை நம் கலை விமர்சகர்கள் எப்போதோ தானம் செய்துவிட்டார்கள். அதில் ஒரு புழு குடியிருக்கத் துளை கிடையாது.

எங்கள் வங்கிக் கிளை நண்பர், தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் எட்டுக் கற்கள் வாங்கினார். கத்திரி வெயில். செங்கல்பட்டு மாடிக்கு வந்துசேர்வதற்குள் ஈரச் சாக்குக்குள்ளேயே கடற்பஞ்சும் புழுக்களும் செத்திருந்தன. “மாடியில என்னடா, பொணமா வெச்சிருக்கே?” என்றார் அவர் அம்மா. அழுகலிலிருந்து அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாதான் கல்லின் உயிர். அதற்குப் பிராணவாயு வேண்டும். சூடேறிய நீரில் அது குறைவாகவே கரையும், அழுகலோ வேகமாக நடக்கும். எனவே டிரம் நிழலில், காற்றுப் பம்பு இரவு பகலாக. திருக்கழுக்குன்றம் வழியாகக் கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து அடிக்கடி மாற்றினார். ஆவியாகிக் குறைந்ததற்கு மட்டும் நல்ல தண்ணீர், உப்பு ஆவியாவதில்லை. (இறுகிய கவிதையில் மேலும் இறுக்கத்தையே ஊற்றும் நண்பர்கள் கவனிக்க.)

ஆறு வாரத்தில் நாற்றம் நின்றது. என் சந்தேகம் வேறு. மாமல்லபுரக் கரையில் பவளத்திட்டு இல்லை. மன்னார் வளைகுடாவில் உண்டு. அங்கே சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளங்களை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்தார்கள். சட்டத்துக்குச் செத்த துண்டும் பவளம்தான்.

“இது எந்தக் கடல்லேர்ந்து வந்தது?”

“வித்தவர் சொல்லலே சார்.”

சோதனைக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் நிறம்; துளி அம்மோனியா இல்லை.