மன்னவனூர்ப் பனியும் மார்கழி வாடையும்

கடலூர்ப் பிரதேசத்தில் குளிர்காலம் தனித்து வருவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலிலிருந்து எழுந்த மழை முற்றும் ஓய்வதற்கு முன்பே, ஊறிக் கிடக்கும் மண்ணின் ஈரத்தையும் வாடைக் காற்றையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மார்கழி வந்துவிடுகிறது. கெடிலக் கரையிலும், தெற்கே சிதம்பரம் வரையுள்ள ஊர்களிலும் வீட்டுக் கொல்லையில் முயல் வளர்ப்போர் மிகுதியும் கவலை கொள்வது அந்த நாட்களில்தான். கூண்டின் நான்கு புறமும் சாக்கைக் கட்டி அடைத்துவிட்டால் முயல் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்களில் பலருடைய அபிப்பிராயம். இருந்தும் அடைத்த கூண்டுகளிலேயே முயல்கள் மடிவதைப் பன்முறை கேள்வியுற்ற நான், தமிழ்நாட்டில் உறைபனி விழும் மலையூர் ஒன்றில் இந்த ஜீவன்களை எவ்வாறு காக்கிறார்கள் என்று நேரில் கண்டறிய விரும்பி, ஒரு தை மாதத்தில் மன்னவனூருக்குப் புறப்பட்டேன்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையின் பூண்டு வயல்களைக் கடந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பரந்த புல்வெளிகளுக்கு நடுவே அவ்வூர் இருக்கிறது. இராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962-இல் தோன்றிய மத்தியச் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965-இல் தென்னாட்டுக்கென ஒரு மையத்தை இங்கே அமைத்தது. பாரத் மெரினோ ஆடுகளோடு, வெண்ணிறமும் சிவந்த கண்களும் உடைய ஒயிட் ஜெயன்ட், சாம்பல் நிறத்துச் சோவியத் சின்சில்லா என்னும் இறைச்சி முயல் இனங்களும் அம்மையத்தில் பேணப்படுகின்றன. சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் சிலரும் முற்றத்தில் கூண்டு வைத்து முயல் வளர்த்து வருகிறார்கள். நான் அதிக நேரம் கழித்தது அத்தகைய ஒரு வீட்டில்தான்.

முயலின் தேக தர்மத்தைச் சிறிது அறிந்துகொண்டால் அவ்வீட்டார் செய்வதன் பொருள் நன்கு விளங்கும். ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்த காட்டு முயலின் வழிவந்தவையே உலகெங்கும் வீட்டில் வளர்க்கப்படும் முயல்கள். நம் வயல்வெளிகளில் ஓடுவது, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேறொரு ஜாதி. வியர்வை சிந்தித் தேகத்தைத் தணித்துக்கொள்ளும் சக்தி வளர்ப்பு முயலுக்கு இல்லை. நீண்ட காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகவே பெரும்பாலும் அது உஷ்ணத்தை வெளியிடுகிறது. ஆதலால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டித் தொடருமானால் ஆண் முயலின் இனவிருத்தித் திறனே குன்றிவிடுகிறது. குளிரிலோ, அக்குழாய்களைச் சுருக்கி, காதுகளை முதுகோடு ஒட்டி, உடலைக் குறுக்கி, அடர்ந்த உரோமத்துக்குள் 39 டிகிரி அளவான தன் உடற்சூட்டை அது காத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டுக்கு வேண்டிய இரையைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதே வளர்ப்பவர் கடமை.

நான் சென்ற விடியற்காலையில், பரங்கிப்பேட்டை உப்பளத்தைக் கண்டு பழகிய என் கண்களுக்கு உப்புப் பூத்த பாத்தி போலத் தோன்றுமாறு புல் முழுதும் உறைபனி படிந்திருந்தது. அந்நேரத்திலேயே எழுந்து வேலையில் இறங்கியிருந்த அவ்வீட்டு அம்மையார், இரை வைப்பதற்கு முன்பாக ஒவ்வொரு முயலின் முன்னங்காலையும் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். மூக்கொழுகும் முயல் முன்னங்கால்களால் அதைத் துடைத்துக்கொள்ளுமாதலால், சளி பிடித்த முயலின் அக்கால்களின் உட்புறத்து மயிர் நனைந்து சடை பிடித்திருக்கும். பாஸ்சுரெல்லா என்னும் கிருமியால் வரும் நோயை அந்தச் சடையைக் கொண்டே முதல் நாளில் கண்டுகொண்டு, அத்தகைய முயலை வேறிடத்தில் பிரித்து வைக்கிறார்கள். இவ்வளவு பனியில் இவை எப்படித் தாங்குகின்றன என்று நான் கேட்டதற்கு, “பனிக்கு இதுங்க சாகாதுங்க ஐயா, நனைஞ்சாலும் காத்து நேரா அடிச்சாலும்தான் சாகும்” என்று அவர் சொன்னார்.

அவருடைய கூண்டுகளின் அமைப்பு முழுவதும் அந்த ஞானத்தையே தழுவியிருந்தது. காற்று வரும் பக்கத்தில், முயல் படுத்திருக்கும் மட்டத்துக்குச் சாக்கு கட்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் கூரை வரை இடம் திறந்தே இருந்தது. முயலின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயு, அடைத்த இடத்தில் தங்கி, மூக்கையும் நுரையீரலையும் புண்படுத்தி, சளிக் கிருமிக்கு வழி திறந்துவிடுமாதலால், கதகதப்பை நாடி நான்கு புறமும் மூடுகிறவர் முயலைக் குளிரிலிருந்து மீட்டு நோயிடம் ஒப்படைக்கிறார். கம்பிவலைத் தளத்தின் கீழே விழும் கழிவை அம்மையார் அன்றாடம் அள்ளிவிடுவார். பனியில் நனைந்த தழை வயிற்றை உப்பச் செய்யுமென்று, அதை வெயிலில் வாட்டிய பின்னரே போடுவார். விறைத்துப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான நீர் வார்ப்பார்.

குளிரால் உண்மையில் ஆபத்து நேர்வது பிறந்த குட்டிகளுக்குத்தான். 30 அல்லது 31 நாள் கர்ப்பம் நிறையும் தறுவாயில் தாய் முயல் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி, பெட்டியிலுள்ள உலர்ந்த புல்லின்மேல் மெத்தை அமைத்து, கண் திறவாத, மயிரற்ற சிசுக்களை அதில் ஈனுகிறது. அவற்றின் கண்கள் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரே முறை, சில நிமிஷங்களே பால் கொடுத்து அகன்றுவிடும்; அப்போது காம்பைப் பற்றியபடியே வெளியே வந்து விழுந்துவிடும் குட்டியைப் பூனையோ நாயோ செய்வதுபோல் வாயால் கவ்வித் திரும்பக் கொண்டு சேர்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. அவ்வாறு விழுந்து விறைத்துக் கிடந்த ஒரு குட்டியை அம்மையார் எடுத்து, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துச் சூடேற்றி, அது நெளியத் தொடங்கிய பிறகே உடன்பிறந்தவற்றின் நடுவில் விட்டு, மயிரை மேலே போர்த்தினார். வயிற்றுத் தோல் சுருங்கியிருந்த வேறொரு குட்டியை, அதே நாளில் ஈன்ற இன்னொரு தாயின் பெட்டிக்கு மாற்றினார்.

ஊர் திரும்பிய பின், புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஒரு கிராமத்தில், கடலூர்ச் செம்மண்டலத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் பாடம் கேட்டு வந்து முயல் வளர்க்கும் ஒரு குடும்பத்தையும் கண்டேன். அங்கே உறைபனி இல்லை; ஆனால் நிலமும் கூரையும் தழையும் வாரக்கணக்கில் காயாமல், குட்டிகளின் குடலைத் தாக்கும் இரத்தக் கழிச்சலுக்கு இடம் கொடுக்கின்றன. 2011 டிசம்பரில் வந்த தானே புயலை நேரில் பார்த்த அம்மனிதர், கீற்றுக் கொட்டகையை உயர்ந்த மேட்டில் போட்டு, வடகிழக்குப் பக்கம் மட்டும் தடுப்பு வைத்து, கூண்டின் கீழே சுண்ணாம்பு தூவி, வேலிமசாலையும் கல்யாண முருங்கைத் தழையையும் திண்ணையில் உலர்த்தி எடுத்துப் போடுகிறார். மலையிலிருப்பவரும் கடற்கரையிலிருப்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

முயல் வளர்ப்பில் இறங்க எண்ணுகிறவர்கள் முதலில் இலாபக் கணக்கையும் இனத்தின் பெயரையும் விசாரிப்பதையே நான் காண்கிறேன். அவற்றோடு, விடியலில் முன்னங்கால்களைத் தூக்கிப் பார்ப்பதற்கும், பெட்டிக்குள் கைவிட்டுக் குட்டிகளைத் தடவி எண்ணுவதற்கும் வீட்டில் யாருக்கு நேரமும் சிரத்தையும் உண்டு என்பதையும் அவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் கடலோர மாவட்டத்து மார்கழி, மலையின் தை மாதத்தைவிடக் குளிரில் குறைந்ததானாலும் ஈரத்தில் கடினமானது. அதைத் தாண்டி முயலை வளர்த்தெடுக்கிற கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அக்கைகளின் அறிவைப் பயிற்சி வகுப்புகளில் பாடமாக வைத்து, அவ்வறிவுடையோரையே ஆசிரியராக அமர்த்துவது இத்தொழிலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் என்று உறுதியாக நம்புகிறேன்.