திருவையாற்றுக்கு ஒரு மூட்டை

"பாட்டுக் கேட்கப் போகிறாயா, குடித்தனம் மாற்றப் போகிறாயா?"

2025-ஆம் ஆண்டு பொங்கலன்று பிற்பகல், நான் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்து என் அம்மா கேட்ட கேள்வி இது. அவ்வாண்டு தியாகராஜ ஆராதனை பொங்கல் திருநாளிலேயே தொடங்கியது. பண்டிகையன்று வீட்டை விட்டுக் கிளம்புகிறானே என்ற கோபம் பாதி. மூட்டையின் பருமனைக் கண்ட சிரிப்பு பாதி. நான் பதில் சொல்லவில்லை. முந்தைய ஆண்டு பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

திருவையாறு தஞ்சையிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜ சுவாமிகள் அவ்வூரில் சித்தியடைந்தார்கள். அந்தத் திதி வரும்போதெல்லாம் காவிரிக் கரையில் அவருடைய சமாதிக்கு அருகே பந்தல் போட்டு ஆராதனை நடக்கிறது. 2025-இல் நடந்தது 178-ஆவது. காலை முதல் இரவு வரை வித்வான்கள் ஒருவர்பின் ஒருவராக மேடையேறிச் சில நிமிடங்கள் பாடிவிட்டு இறங்குவார்கள். கட்டணம் கிடையாது; நுழைவுச் சீட்டு கிடையாது. ஆகவே என் போன்ற மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து எங்கே கிடைக்கும்? ஆனால், விருந்துக்கு அழைத்தவர்கள் படுக்கையும் தருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. விழா நாட்களில் அச்சிற்றூரில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நம் கைக்கு எட்டாது.

2024-இல் முதன்முறையாகச் சென்றபோது இதையெல்லாம் நான் அறியேன். தோளில் கல்லூரிப் பை, அதில் ஒரு சட்டை, ஒரு துண்டு, பாதி சார்ஜ் இருந்த கைபேசி. இவ்வளவே என் ஆஸ்தி. இரவு பந்தலிலிருந்து வெளியே வந்த பிறகுதான், எங்கே படுப்பது என்ற எண்ணமே வந்தது. ஒரு வீட்டுக்காரர் இரக்கப்பட்டுத் தம் திண்ணையைக் காட்டினார். தைப்பனி என்பதைப் பாடப் புத்தகத்தில் படிப்பது வேறு, காவிரிக் கரையோரத் திண்ணையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அனுபவிப்பது வேறு! பல் தந்தியடித்தது. பக்கத்தில் படுத்திருந்த ஆந்திரப் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெலுங்கு வராது. "பாபு" என்று மட்டும் கூப்பிட்டுத் தம் கம்பளியில் பாதியை என்மேல் இழுத்துப் போட்டார். அந்தப் பாதிக் கம்பளியில்தான் மூன்று இரவுகள் உயிர் தரித்தேன்.

ஊர் திரும்பியதும் ஒரு நோட்டில், அடுத்த முறை எடுத்துச் செல்ல வேண்டியவை என்று பட்டியல் எழுதினேன். நம் கல்லூரி நண்பர்கள் யாரேனும் போவதாக இருந்தால் பயன்படட்டும் என்று அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

முதலில் கீழே விரிப்பது. பந்தலின் தரை மணல். திண்ணையின் தரை பனி. ஜமக்காளம் மட்டும் போதாது. பிரித்துத் தைத்த உரச்சாக்கு ஒன்றைக் கழுவி உலர்த்தி ஜமக்காளத்துக்கு அடியில் போட்டால் ஈரம் ஏறாது. பகலில் பந்தலுக்குள் உட்காரவும் அதுவே ஆசனம்.

இரண்டாவது, மேலே போர்த்துவது. கனமான போர்வை ஒன்று, காதை மூடக் குல்லாவோ மப்ளரோ ஒன்று. "நான் பனிக்கு அஞ்சாதவன்" என்று வீரம் பேசுபவர்கள் இரண்டாம் நாளே தொண்டை கட்டி, கோஷ்டியில் வாயசைக்க மட்டுமே முடிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, டார்ச் விளக்கு. இதில் ஒரு கணக்கு உண்டு. பகுள பஞ்சமி என்பது பௌர்ணமிக்குப் பின்வரும் ஐந்தாம் நாள். விழாவின் முதல் நாள் பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் நிலவு வந்துவிடும்; பிறகு நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதித்து, கடைசி இரவில் பத்து மணி அளவில்தான் எட்டிப் பார்க்கும். முதல் நாள் வெளிச்சத்தை நம்பியவன் நான்காம் நாள் படித்துறையில் வழுக்கி விழுவான். கைபேசி விளக்கை நம்ப வேண்டாம். ஒரு திண்ணைக்கு ஒரு மின்செருகி, அதற்குப் பத்துப் பேர் வரிசை! பவர் பேங்க் இருந்தால் நலம். வீட்டு எண்ணையும் நண்பர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அதைவிட நலம்.

நான்காவது, குளியல் சாமான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஆகவே நல்ல ஆண்டாக இருந்து, விழாவும் அதற்குள் வந்துவிட்டால், காவிரியில் தண்ணீர் ஓடும். ஒரு சொம்பு, சோப்பு, ஈரிழைத் துண்டு இரண்டு. தடித்த துண்டு அந்தப் பனியில் விழா முடியும்வரை காயாது. கொடி கட்ட நாலு முழக் கயிறும், துணி பறக்காமலிருக்க ஊக்குகளும் வேண்டும். அறுந்த பை வாருக்கும் அதே ஊக்குதான் வைத்தியம்.

ஐந்தாவது, உணவு. அம்மா கையால் கட்டிய புளிசாதம் மறுநாள் வரை கெடாது. முறுக்கு விழா முழுவதும் வரும். சில்லறை நோட்டுகளை இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பங்கைத் திருவையாற்று அசோகாவுக்கென்று ஒதுக்காதவன் ரசிகனே அல்லன். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்து செய்யும் அந்த வித்தையும் ஒரு கச்சேரிதான்!

ஆறாவது, செருப்பு. இருப்பவற்றுள் பழையதை அணிந்து செல்க. பந்தல் வாசலில் ஆயிரக்கணக்கான ஜோடிகள் கிடக்கும். புதியது தன் எஜமானரை மாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். வாரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டால் தேடுவது எளிது. காய்ச்சல் மாத்திரையும் தலைவலித் தைலமும் சொல்லாமலே விளங்கும்.

ஏழாவதாக, எல்லோரும் மறப்பது: பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் தமிழெழுத்துப் புத்தகம். பஞ்சமியன்று காலை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த ஐந்து கீர்த்தனைகளையும் வித்வான்கள் கூடி ஒரே குரலாகப் பாடுவார்கள். முதலாவது வடமொழி, மற்ற நான்கும் தெலுங்கு. புத்தகம் கையில் இருந்தால் கீழே உட்கார்ந்திருக்கும் நாமும் அந்தக் குரலில் கலந்துகொள்ளலாம்.

இவ்வளவையும் சேர்த்துக் கட்டியதுதான் அம்மா கேலி செய்த மூட்டை. போதாதென்று கூடுதலாக ஒரு போர்வையையும் மடித்து வைத்திருந்தேன். 2025-இல் நான் ஒரு குறையுமின்றித் திண்ணையில் அரசாண்டேன் என்றே சொல்லலாம். நான்காம் இரவு வரும் வரை.

அன்று பஞ்சமிக்கு முந்திய இரவு. பந்தலிலிருந்து திரும்பியபோது என் பக்கத்தில் புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பதினைந்து வயதிருக்கலாம். அவன் மடியருகே ஒரு மிருதங்கம். அதன் உறை கிழிந்திருந்ததால், தான் கொண்டுவந்த ஒரே போர்வையை அதற்குச் சுற்றியிருந்தான். அவன் மேல் ஒரு சட்டைதான்.

"என்ன தம்பி, உனக்குப் போர்த்திக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"தோல்ல ஈரம் ஏறினா சுருதி இறங்கிடும், அண்ணா. காலையில எங்க வாத்தியார் பின்னால உட்காரணும்" என்றான். பிறகு சுருண்டு படுத்துக்கொண்டான்.

அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் இரண்டாவது போர்வை அப்போது என் தலைக்கு அடியில், தலையணையாக மடிந்து கிடந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கொடுத்தால் காலையில் திரும்ப வருமா என்றும் நினைத்தேன். கழுத்து வலிக்குமே என்றும் நினைத்தேன். இப்படி நினைத்தபடியே புரண்டு மறுபக்கம் படுத்தேன். நள்ளிரவில் ஒருமுறை விழிப்பு வந்தது. எனக்குப் பழக்கமான சத்தம் கேட்டது. பல் தந்தியடிக்கும் சத்தம். போன ஆண்டு அது என் வாயிலிருந்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விடியற்காலையில் கல்லும் கட்டையும் கொண்டு அவன் வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கும் ஒலியில் எழுந்தேன். "நல்லாத் தூங்கினீங்களா, அண்ணா?" என்று கேட்டான். குரல் கம்மியிருந்தது. உதடு வெடித்திருந்தது. மிருதங்கம் மட்டும் கணீரென்று பேசியது. நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவன் வாத்தியத்தைத் தோளில் சுமந்துகொண்டு பனிக்குள் போய்விட்டான்.

அன்று காலை திருமஞ்சன வீதியில் சுவாமிகள் வாழ்ந்த இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் புறப்பட்டது. கையில் ஒரு செம்புடன் வீதியில் பாடிச் சென்று, கிடைத்த அரிசியில் வாழ்ந்தவர் அவர். அவருடைய சமாதியைக் கேட்பாரற்றுக் கிடந்த நிலையிலிருந்து மீட்டு, தம் பொருளைச் செலவிட்டுக் கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1952-இல் மறைந்த அந்த அம்மையாரின் நினைவிடமும் அதன் அருகிலேயே இருக்கிறது. இதெல்லாம் நான் முன்பே படித்து அறிந்தவைதான். அறிந்தும் என்ன பயன்? ஒரு போர்வையைக் கொடுக்க எனக்கு ஓர் இரவு போதவில்லை.

பந்தலில் நாட்டை தொடங்கியது. மேடையில் வரிசையாக மிருதங்கங்கள். அவற்றின் பின்னே அந்தப் பையனின் தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன், கூட்டத்தில் தெரியவில்லை. புத்தகம் என் கையில் விரிந்திருந்தது. ஸ்ரீராகம் முடியும் வரை நான் ஒரு வரியும் பாடவில்லை.

ஊர் திரும்பியதும் மூட்டையைப் பிரித்த அம்மா, "இந்தப் போர்வை மடிப்புக் கலையாமலே இருக்கிறதே, எதற்குச் சுமந்தாய்?" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

நண்பர்களே, மேலே எழுதிய பட்டியலில் எதையும் நான் நீக்கவில்லை. உரச்சாக்கு முதல் சிவப்பு நூல் வரை எல்லாம் தேவைதான். கூடுதல் போர்வையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அதைத் தலைக்கு வைத்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.