29சி-யில் மூணு வெள்ளைக் கோட்டு

மந்தைவெளில ஏறினாங்க. மூணு நர்சிங் ஸ்டூடன்ட்ஸ்.
மடியில மடிச்ச கோட்டு, அதுமேல டிபன் பை.
கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி ஐ.எம்.எச்.ல போஸ்டிங்காம்.

நான் ஒட்டுக்கேக்கல. 29சி-யில காது தானா நீளும்.

"மொத நாள் கதவுப் பக்கத்துலயே நின்னேன்டி. அடிச்சிருவாங்களோன்னு."

"நானுந்தான். இப்ப அந்த பேஷண்ட் ஆயா 'சாப்டியா'ன்னு கேக்காம விடுறதில்ல."

மூணாவது பொண்ணு மட்டும்:
"எனக்குப் புடிச்சிருக்குடி. ஆனா வேலைக்கு இதுல போகமாட்டேன். வரன் கேட்டு வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றதுங்குது அம்மா."

பக்கத்துல இருந்த மாமி கைப்பைய இழுத்து வச்சுக்கிட்டாங்க.
இத்தனைக்கும் இதுங்க நர்சுங்க!

நேர்ல பழகினா பயம் குறையும்னு உலகம் பூரா ஆராய்ச்சி சொல்லுது. சரிதான்.
ஸ்கிசோஃப்ரினியா அறிகுறியெல்லாம் மனப்பாடம் பண்ணியும் போகாத பயம், ஒரு ஆயாவோட 'சாப்டியா'வுல போயிருக்கு.
ஆனா பழகினது பொண்ணுங்கதானே? வீட்ல இருக்கறவங்க இல்லையே.

1794லேர்ந்து வர்ற ஆஸ்பத்திரி ஐ.எம்.எச்.
நாட்டோட முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961ல அங்க சூப்பரிண்டெண்ட் ஆனாங்க. 1984ல ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப்-ஐ ஆரம்பிச்சாங்க.
அவங்களையும் யாராவது 'வரன் கேட்டு வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது'ன்னு கேட்டிருப்பாங்களோ?

நான் பயங்கர முற்போக்கு, தெரியும்ல? முகநூல்ல.

நீங்க சொல்லுங்க. உங்க பையனுக்கு ஒரு வரன். பொண்ணு கீழ்ப்பாக்கத்துல ஸ்டாஃப் நர்சு.
ஜாதகம் வாங்குவீங்களா?