ஆபர்ன் தெரு: போதகர்கள் வளர்த்த கடைவீதி

அட்லாண்டா நகர மையத்திலிருந்து கிழக்கே நீளும் ஆபர்ன் அவென்யூவில் மூன்று கதவு எண்கள் முக்கியமானவை. 501-ஆம் எண் வீட்டின் மாடியறையில் 1929 ஜனவரி 15 அன்று மார்ட்டின் லூதர் கிங் பிறந்தார். 407-ஆம் எண்ணில் இருப்பது எபெநேசர் பாப்டிஸ்ட் ஆலயம். கிங்கின் தாத்தாவும் அப்பாவும், பிறகு அவரும் போதகர்களாக இருந்த சபை அது. 359, வீட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் ஆலயம். முதல் இரண்டையும் பார்க்க உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். மூன்றாவதன் வாசலில் நின்று படமெடுப்பவர்கள் குறைவு. ஆனால் இந்தத் தெரு எப்படி இந்தத் தெருவானது என்று கேட்டால், பதிலில் பாதி அந்த மூன்றாவது எண்ணில்தான் கிடைக்கும்.

தெருவுக்கு முதலில் இருந்த பெயரே வீட் ஸ்ட்ரீட்தான். 1893-இல் நகராட்சி அதை ஆபர்ன் அவென்யூ என்று மாற்றியது. சபை மட்டும் பழைய பெயரை விடவில்லை. 1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்கள் மீது பாய்ந்தன. நகர மையத்தில் கடை வைத்திருந்தவர்கள் அடிபட்டார்கள், இருபத்தைந்து பேராவது உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு கறுப்பினத்தவரின் வணிகம் மெல்ல மெல்ல ஆபர்ன் பக்கம் ஒதுங்கியது. வங்கி, காப்பீட்டு நிறுவனம், நாளிதழ், மருந்துக்கடை, முடிதிருத்தகம், இரவு விடுதி என எல்லாம் இரண்டு கிலோமீட்டர்கூட நிறையாத ஒரே தெருவில் வந்து சேர்ந்தன. ஜான் வெஸ்லி டாப்ஸ் என்ற உள்ளூர்த் தலைவர் இதற்கு 'ஸ்வீட் ஆபர்ன்' என்று செல்லப்பெயர் வைத்தார். 1956-இல் ஃபார்ச்சூன் இதழ், உலகிலேயே மிகப் பணக்காரக் கறுப்பினத் தெரு இதுதான் என்று எழுதியது.

இந்தப் பணத்தின் ஊற்றைத் தேடிப் போனால் ஆலயத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. வீட் ஸ்ட்ரீட் சபையின் போதகர் பீட்டர் ஜேம்ஸ் பிரையன்ட்டும் இன்னொரு போதகரும் சேர்ந்து, நோயுற்றால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு என்று ஒரு சிறு சங்கம் நடத்திவந்தார்கள். 1905-இல் ஜார்ஜியா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இத்தகைய சங்கங்கள் 5,000 டாலர் முன்பணம் கட்டியாக வேண்டும். போதகர்களிடம் அவ்வளவு பணம் ஏது? அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தகங்கள் நடத்திச் செல்வந்தரான அலான்சோ ஹெர்ன்டனிடம் 140 டாலருக்குச் சங்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதுவே பின்னாளில் அட்லாண்டா லைஃப் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனமாக வளர்ந்தது. பிரையன்ட்டின் பெயர் இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. ஹெர்ன்டனின் பெயரைத் தாங்கிய கட்டடங்கள் உண்டு.

இங்கே பாப்டிஸ்ட் சபையின் அமைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் பேராயர் இருக்கிறார். ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். பாப்டிஸ்ட் சபையில் பேராயரே கிடையாது. விசுவாசத்தை அறிக்கையிட்டு முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர்கள் கூடி, தங்கள் போதகரைத் தாங்களே அழைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் காணிக்கைத் தட்டிலிருந்து வருகிறது. பிடித்துப்போனால் ஒரே ஆள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இருப்பார். அந்தக் காலத்து அட்லாண்டாவில் கறுப்பின ஆசிரியர் ஒருவரை ஒரே கடிதத்தில் வேலையை விட்டு நீக்கிவிட முடியும். போதகரை நீக்க வெள்ளை முதலாளி யாருக்கும் அதிகாரமில்லை. ஆபர்ன் போதகர்களின் துணிச்சலுக்கு அவர்களுடைய குணம் ஒரு காரணம் என்றால் இந்த ஏற்பாடு இன்னொரு காரணம்.

எபெநேசர் சபை 1886-இல் ஜான் பார்க்கர் என்பவரால் தொடங்கப்பட்டது. 1894-இல் ஏ. டி. வில்லியம்ஸ் பொறுப்பேற்றபோது அங்கத்தினர்கள் பதின்மூன்று பேர். அடிமைகளாயிருந்தவர்களின் மகன் அவர், பெரிய படிப்பில்லாதவர். ஆனால் ஆட்களைச் சேர்ப்பதிலும் கணக்குப் பார்ப்பதிலும் கெட்டிக்காரர். பத்து ஆண்டுகளுக்குள் சபை நானூறு பேரானது. 1914-இல் ஜாக்சன் தெரு முனையில் தொடங்கிய செங்கல் கட்டடம் 1922-இல்தான் முடிந்தது. அதுவரை தரையடித் தளத்தில்தான் ஆராதனை.

வில்லியம்ஸ் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பள்ளிக்கூட விவகாரம். அட்லாண்டாவில் அப்போது கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிகூடக் கிடையாது. தேர்தலில் வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி உள்வாக்கெடுப்பு வெள்ளையருக்கு மட்டுமே உரியது என்பதால், கறுப்பினத்தவர் வாக்களித்தும் பயனில்லை. ஆனால் நகராட்சி கடன் பத்திரம் வெளியிடுவதற்கான வாக்கெடுப்பு அப்படியல்ல. அதில் அவர்களுடைய வாக்கும் எண்ணப்படும். அந்த ஓட்டையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பங்கில்லையென்றால் பத்திரத்துக்கு எங்கள் ஆதரவும் இல்லை என்று 1919-இல் நகராட்சியின் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் அட்லாண்டா கிளைக்கு அந்தக் காலத்தில் தலைமை வகித்த வில்லியம்ஸ் இதில் முன்னால் நின்றார். 1921-இல் நகராட்சி இறங்கிவந்தது. 1924-இல் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. பேரன் மார்ட்டின் பின்னாளில் படித்தது அங்கேதான்.

வில்லியம்ஸின் மகள் அல்பர்ட்டாவை மணந்தவர் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற கிராமத்திலிருந்து வந்த, குத்தகை விவசாயி மகனான மைக்கேல் கிங். மாமனார் 1931-இல் இறந்ததும் மருமகன் பிரசங்க பீடம் ஏறினார். 1934-இல் பெர்லினில் நடந்த பாப்டிஸ்ட் உலக மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு தம் பெயரையும் மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றிக்கொண்டார். வாக்காளர் பதிவு, கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் என்று அவரும் ஓயவில்லை. 1975 வரை அவரே போதகர். மாமனார், மருமகன், பேரன் என 81 ஆண்டுகள் ஒரே குடும்பம்! வாரிசுப் பிரச்சினையை நன்றாக அறிந்த நமக்கு இது உறுத்தலாம். சபையார் கூடித்தான் அழைத்தார்கள் என்பது உண்மை. வேறொருவரை அழைக்கும் எண்ணம் அவர்களுக்கு வரவில்லை என்பதும் உண்மை.

சற்றுத் தள்ளி, 359-இல் 1937 முதல் 1988 வரை இருந்தவர் வில்லியம் ஹோம்ஸ் போர்டர்ஸ். ஐம்பத்தோரு ஆண்டுகள். வீட் ஸ்ட்ரீட் சபை எபெநேசரைவிட மூத்தது, 1869-இல் தோன்றியது. அதன் முந்தைய ஆலயம் 1917-இன் பெருந்தீயில் எரிந்துபோனது. இன்று நிற்கும் கோதிக் பாணிக் கட்டடம் அதற்குப் பின் எழுந்தது. போர்டர்ஸ் நன்கு படித்தவர், மேடைப் பேச்சில் வல்லவர். 1940-களிலேயே வானொலியில் பேசினார். சிறுவன் மார்ட்டின் அவருடைய பிரசங்கங்களை ஆசையாகக் கேட்டதாகவும், அப்பா கிங்குக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை என்றும் வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு பெரிய சபைகள் என்றால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்.

1946-இல் வெள்ளையர் மட்டும் என்ற கட்சி உள்வாக்கெடுப்பை நீதிமன்றம் செல்லாததாக்கியது. உடனே ஆபர்னின் சபைகளும் சங்கங்களும் வீடுவீடாக இறங்கின. சில வாரங்களில் அட்லாண்டாவின் கறுப்பின வாக்காளர்கள் சுமார் ஏழாயிரத்திலிருந்து இருபதாயிரத்தைத் தாண்டினார்கள். வாக்கு வந்தால் மேயரிடம் பேச முடியும். நகரக் காவல்துறையில் கறுப்பினத்தவரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் போர்டர்ஸ் முக்கியமானவர். 1948-இல் எட்டுப் பேர் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் காவல் நிலையத்தில் அவர்களுக்கு இடமில்லை. பக்கத்துத் தெரு ஒய்.எம்.சி.ஏ.-வின் கீழ்த்தளத்தில் சீருடை மாற்றிக்கொண்டார்கள். வெள்ளையர் யாரையும் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை.

1957 ஜனவரியில் போர்டர்ஸ் தம்மைப் போன்ற போதகர்கள் சிலரோடு நகரப் பேருந்தில் ஏறி, வெள்ளையருக்கான முன் இருக்கைகளில் உட்கார்ந்தார். வழக்குப் போடுவதற்காகவே கைதானார்கள். அன்பு, சட்டம், விடுதலை என்பது அந்த இயக்கத்தின் பெயர். இரண்டு ஆண்டுகள் கழித்து, அட்லாண்டா பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மான்ட்கொமரி பேருந்துப் புறக்கணிப்பு பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இது இல்லை. ஓராண்டுக்கு மேல் ஊரே நடந்தது மான்ட்கொமரியில்; இங்கே சில போதகர்கள் ஒருநாள் உட்கார்ந்தார்கள், மீதியை வக்கீல்கள் பார்த்துக்கொண்டார்கள். கதைக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. போர்டர்ஸின் சபை கூட்டுறவுக் கடன் சங்கம் நடத்தியது. 1960-களில் ஒன்றிய அரசின் கடனுதவியோடு ஏழைகளுக்கு அடுக்குக் குடியிருப்பும் கட்டியது. அமெரிக்காவில் ஒரு சபை இப்படிச் செய்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

அதே 1957 ஜனவரியில், எபெநேசரில் தென்மாநிலப் போதகர்கள் கூடினார்கள். தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பின் தொடக்கம் அந்தக் கூட்டம். அந்த நேரத்தில் மான்ட்கொமரியில் ஆலயங்களிலும் வீடுகளிலும் குண்டு வெடித்த செய்தி வர, மகன் கிங் அங்கே ஓட வேண்டியதாயிற்று. பிறகு அமைப்பின் அலுவலகம் ஆபர்னிலேயே, பிரின்ஸ் ஹால் கட்டடத்தில் அமைந்தது. கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் வானொலி நிலையமான டபிள்யூ.இ.ஆர்.டி.-யும் அதே கட்டடத்தில்தான். மேல்மாடி வானொலிக்காரர்களின் கவனத்தைத் திருப்ப கிங் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுவார், மைக்கைச் சன்னல் வழியாக இறக்கித் தருவார்கள் என்று உள்ளூரில் ஒரு கதை சொல்கிறார்கள்.

கிங் 1960-இல் எபெநேசருக்கு அப்பாவின் இணைப் போதகராகத் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியா வந்திருந்தார். சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே மாலையில் பார்த்தார். திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில், தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, யோசித்துப் பார்த்தபோது, ஆம், நானும் என் நாட்டுக் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் அதுவே என்று தோன்றியது. இதை அவர் தம் சபையாரிடம் விரிவாகச் சொன்னது 1965 ஜூலை 4 அன்று, எபெநேசர் பிரசங்க பீடத்திலிருந்து. அமெரிக்கச் சுதந்திர நாள் பிரசங்கத்தில் கேரளத்துப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் சுடப்பட்ட கிங்கின் அடக்க ஆராதனை ஏப்ரல் 9 அன்று எபெநேசரில் நடந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் அதே பீடத்தில் அவர் செய்த பிரசங்கத்தின் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டார்கள். கோவேறு கழுதைகள் இழுத்த மரவண்டியில் உடலைக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு தம்பி ஏ. டி. கிங் நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தார். 1974 ஜூன் 30, ஞாயிறு காலை ஆராதனையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த தாய் அல்பர்ட்டாவை ஓர் இளைஞன் சுட்டுக்கொன்றான். சபை ஊழியர் ஒருவரும் இறந்தார். கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் ஆயுள் தண்டனையானதற்கு, மரண தண்டனையை கிங் குடும்பம் எதிர்த்ததும் ஒரு காரணம். மனைவியை, இரண்டு மகன்களை இழந்த அந்த முதியவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். சபை அடுத்து அழைத்தது குடும்பத்துக்கு வெளியே, அதுவரை பிரஸ்பிட்டேரியன் ஆயராக இருந்த ஜோசப் ராபர்ட்ஸை.

இதற்குள் தெரு தேய்ந்துவிட்டிருந்தது. நகர மையத்தின் ஊடாகப் போட்ட நெடுஞ்சாலை ஆபர்னை நடுவில் வெட்டியது. இனப்பிரிவினை போனதும் கறுப்பின வாடிக்கையாளர்கள் எங்கும் போய் வாங்கலாம், எங்கும் குடியேறலாம் என்றானது. வசதியானவர்கள் மேற்கு அட்லாண்டாவுக்குப் போனார்கள். போராடிப் பெற்ற வெற்றியே கடைவீதியைக் காலி செய்தது. 1992-இல் அழிவின் விளிம்பிலுள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் ஸ்வீட் ஆபர்ன் சேர்ந்தது. எபெநேசரைச் சுற்றியுள்ள பகுதி 1980 முதல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருப்பதால் பிழைத்தது. பழைய ஆலயத்தை 1960-களில் இருந்தபடியே புதுப்பித்து 2011-இல் திறந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் கிங்கின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். சபை 1999-இலேயே எதிர்ப்பக்கம் கட்டிய புதிய ஆலயத்துக்குப் போய்விட்டது.

2005 முதல் அங்கே போதகர் ரஃபேல் வார்னாக். 2021 ஜனவரியில் அவர் ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராக வாஷிங்டனுக்குப் போனார், பீடத்தை விடவில்லை. சட்டம் இயற்றுகிறவர் ஞாயிறன்று பிரசங்கமும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்பதில் நியாயமும் உண்டு. பீடத்திலிருந்து ஆட்சியாளரைக் கண்டிப்பது ஒன்று, ஆட்சியிலேயே உட்கார்ந்துகொண்டு கண்டிப்பது வேறு. வில்லியம்ஸும் போர்டர்ஸும் வாக்குகளை எண்ணினார்கள், பேரம் பேசினார்கள். ஆனால் மேசையின் இந்தப் பக்கமிருந்து பேசினார்கள். வார்னாக் அந்தப் பக்கம் போயிருக்கிறார். அதைக் கேள்வி கேட்கும் உரிமையும், அவரை வைத்துக்கொள்ளும் அதிகாரமும், பாப்டிஸ்ட் முறைப்படி, எபெநேசர் சபையின் அங்கத்தினர்களிடமே இருக்கின்றன. இதுவரை அவர்கள் வேறு போதகரைத் தேடவில்லை.