தளம் போட்டாச்சா?

அப்பாவுக்கு நான் அனுப்பிய முதல் படத்தில் ஒரு கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. பனி ஒதுக்கிக் குவித்த ஓரம், எட்டு கார்கள், ஒரு விளம்பரப் பலகை. “இதுல எதுப்பா நம்ம வீடு?” என்று கேட்டார். பலகைக்கு மேலே வெறும் வானமாக இருந்த இடத்தைச் சிவப்பு வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். பத்தொன்பதாவது மாடி உத்தேசமாக அங்கேதான் வரும்.

2017 நவம்பரில் டொராண்டோ டவுன்டவுனில் ஒரு கான்டோவுக்குக் கையெழுத்துப் போட்டேன். 512 சதுர அடி, ஒரு படுக்கையறை. கட்டடம் கிடையாது, குழிகூடக் கிடையாது. விற்பனை அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி கோபுரம் இருந்தது. பொத்தானை அமுக்கினால் நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியும். அந்த விளக்குக்குத்தான் நான் விழுந்தேன் என்று பின்னால் தோன்றியது. ஒன்டாரியோ சட்டப்படி இப்படி வாங்குபவர்களுக்கு மனதை மாற்றிக்கொள்ளப் பத்து நாள் உண்டு. அந்தப் பத்து நாளும் நான் அப்பாவோடு போனில் பேசினேன்.

அப்பா மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் 1996இல் தானே நின்று வீடு கட்டியவர். செங்கலைத் தட்டிப் பார்த்து வாங்கி, மணலைச் சலித்து, தளம் போட்ட அன்று கொத்தனாருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, மறுநாள் விடியலிலேயே மொட்டைமாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியவர். அவரிடம் போய் “கட்டடம் இன்னும் இல்ல, ஆனா இருபது சதவீதம் முன்கூட்டியே கட்டணும்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அந்த ஊர்ல அப்படித்தான் பழக்கமா?” என்றார்.

அப்படித்தான் பழக்கம். வீடுகளில் எழுபது சதவீதம் போல விற்றுக் காட்டினால்தான் கட்டுபவருக்கு வங்கி கடன் கொடுக்கும். நம் முன்பணம் ஒரு அறக்கட்டளைக் கணக்கில் கிடக்கும். நான் மூன்று தவணையைச் சேமிப்பிலிருந்து கட்டினேன். நாலாவதற்கு முட்டியது. எட்டயபுரம் ரோட்டில் அப்பா எனக்காகப் போட்டு வைத்திருந்த ஐந்து சென்ட் பிளாட்டை விற்று அனுப்பினார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதிலிருந்துதான் சனிக்கிழமைப் படங்கள் தொடங்கின. நான் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமை காலை சப்வே பிடித்துப் போய், டன்டாஸ் ஸ்ட்ரீட்கார் மாறி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு படம். திரும்பி வந்தால் அக்கா, “தம்பி, உங்கட வீடு எழும்பிட்டுதோ?” என்பார். “இன்னும் கிண்டுறாங்க அக்கா.” “இன்னுமோ!”

கிண்டுவது என்றால் சாதாரணக் கிண்டல் இல்லை. தரைக்குக் கீழே நாலு மாடிக் கார் நிறுத்துமிடம். முதலில் சுற்றிலும் தூண் இறக்கி, இடையே பலகை செருகி மண் சரியாமல் அணைகட்ட வேண்டும். பிறகுதான் தோண்டல். மண்ணை ஏற்றும் லாரிகள் தெருவில் வரிசையில் நிற்கும். மாதக்கணக்கில் வேலை நடக்கும், வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு ஒன்றுமே தெரியாது. 2019 இலையுதிர்காலத்தில் குழி ஆரம்பித்தது. 2020இல் கொரோனா வந்தது. 2021 வசந்தத்தில்தான் கிரேன் நின்றது. வட அமெரிக்காவிலேயே அதிக டவர் கிரேன் நிற்கும் நகரம் டொராண்டோ என்று வருடாவருடம் செய்தி வரும். அத்தனை கிரேனில் ஒன்றே ஒன்று என்னுடையது என்ற அற்பப் பெருமை எனக்கு இருந்தது.

2021 ஆகஸ்டில் நான் குடியேறியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்குப் பெயர் ‘முதல் தற்காலிகக் குடியேற்றத் தேதி’. அந்த ‘தற்காலிக’ என்ற சொல்லை நான் சரியாக வாசிக்கவில்லை. தள்ளிப்போடும் கடிதங்கள் வரத் தொடங்கிய பிறகு முழுப் பின்னிணைப்பையும் உட்கார்ந்து வாசித்தேன். நான் மென்பொருள் ஆள். ‘அடுத்த ஸ்பிரின்ட்டில் முடிந்துவிடும்’ என்று மனசாட்சியில்லாமல் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அதையே வாசிக்கும்போது வயிற்றைக் கலக்கியது.

வாசித்ததில் ஒன்று கிடைத்தது. கூரைத் தளம் முடியும்வரை கட்டுபவர் சொல்லும் தேதியெல்லாம் தற்காலிகம்தான். தளம் முடிந்து 30 நாளுக்குள் உறுதியான தேதியையோ இறுதித் தற்காலிகத் தேதியையோ சொல்லியாக வேண்டும். உறுதியான தேதியையும் தாண்டித் தாமதமானால் நாளுக்கு 150 டாலர் இழப்பீடு, மொத்தம் 7,500 டாலர்வரை. அதாவது ஐம்பது நாளோடு கணக்கு முடிந்தது. வேலைநிறுத்தம், வெள்ளம், பெருந்தொற்று என்று வந்தால் அந்த நாட்கள் தாமதக் கணக்கிலேயே சேராது. மூன்று வருடமாக அப்பா ஒவ்வொரு வாரமும் “தளம் போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய ஆள், வேறு கேட்கத் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். வக்கீல் வைத்து எழுதிய பத்துப் பன்னிரண்டு பக்கமும் அந்த ஒரே கேள்வியில்தான் நிற்கிறது.

தரைக்கு மேலே வந்ததும் வேகம் பிடித்தது. 2022 மே மாதம் கிரேன் இயக்குபவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழாவது மாடியில் கிரேன் கை அசையாமல் நின்ற படத்தை மூன்று சனிக்கிழமை அனுப்பினேன். (கூலி உயர்வு கேட்டு நின்றவர்கள்மீது எனக்குக் கோபம் வந்தது. அப்பா தொழிற்சங்கத்து ஆள். “அவன் நியாயத்துக்கு நிக்கான், நீ என்ன பேசுத?” என்று அதட்டினார்.) பிறகு கிட்டத்தட்ட வாரம் ஒரு மாடி. இதை அப்பாவால் நம்பவே முடியவில்லை.

“வாரத்துக்கு ஒண்ணா? சென்ட்ரிங் இருபத்தோரு நாள் நிக்க வேண்டாமா?”

பலகையைச் சீக்கிரம் உருவி மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், ஆனால் கீழே சில மாடிகளுக்கு முட்டுக்கம்பு அப்படியே நிற்கும் என்று விளக்கினேன். குளிர்காலத்தில் மாடியைத் தார்ப்பாயால் மூடி உள்ளே ஹீட்டர் போட்டு கான்கிரீட்டை உறையவிடாமல் காப்பாற்றுவார்கள் என்றதும் சிரித்துவிட்டார். “நாம தண்ணி ஊத்துதோம், அவன் தீ மூட்டுதான். ரெண்டும் ஒரே கான்கிரீட்டு.” அந்த வாரம் முழுக்க மின்வாரிய நண்பர்களிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

2023 பிப்ரவரியில் கூரைத் தளம் முடிந்தது. உறுதியான தேதி நவம்பர் என்று கடிதம் வந்தது. அந்தக் கோடையில் கண்ணாடிகள் கீழிருந்து மேலாக ஏறின. ஆனால் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் மட்டும் கீழிருந்து உச்சிவரை ஒரு பட்டை திறந்தே கிடந்தது. ஆட்களையும் சாமானையும் ஏற்றும் வெளிப்புற லிப்ட் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லா வேலையும் முடிந்து அதைக் கழற்றிய பிறகுதான் அந்தப் பட்டைக்குக் கண்ணாடி. என் வீடு அந்தப் பட்டையில் இருந்தது. சக அலுவலர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுதவனுக்குக் கடைசி இலைதான்” என்றார்.

அக்டோபரில் ‘தி ஒன்’ செய்தி வந்தது. யாங் தெருவும் புளோர் தெருவும் சந்திக்கும் முனை. ஸ்டாலரிஸ் என்ற பழைய துணிக்கடையை 2015 ஜனவரியில் இடித்துவிட்டு, ஃபாஸ்டர் நிறுவனத்தின் வடிவமைப்பில் எண்பத்தைந்து மாடி என்று எழும்பிக்கொண்டிருந்த கோபுரம். நூறு கோடி டாலருக்கு மேல் கடன் ஏறி, நீதிமன்றம் அதை ரிசீவர் கையில் ஒப்படைத்தது. நகரத்தின் மிக விலை உயர்ந்த முனையிலேயே அரைக் கட்டடம் அந்தரத்தில் நிற்கலாம் என்றால், நமக்கெல்லாம் என்ன? அன்று இரவு முன்பணப் பாதுகாப்பு விதிகளை மறுபடி மறுபடி வாசித்தேன். பிளாட்டின் முகம் கண்ணில் வந்து நின்றது. ஒரு மூலையில் உடைமரம், நடுவில் சர்வேக் கல். சின்ன வயதில் அப்பா அந்தக் கல்மீது என்னை நிறுத்தி, “இது உனக்கு” என்று காட்டியிருக்கிறார்.

எங்கள் கட்டடம் அப்படி ஆகவில்லை. 2024 மார்ச்சில் சாவி கிடைத்தது. சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடம் ஏழு மாதம் தாமதம். சாவி கிடைத்தாலும் வீடு நம் பெயருக்கு வராது. கட்டடம் பதிவாகும்வரை மாதாமாதம் கட்டுபவருக்கே ஒரு கட்டணம். அதில் ஒரு டாலர்கூட அசலில் கழியாது. நான் ஒப்பந்தம் போட்ட காலத்தில் வட்டி பற்றி யாரும் பேசவே இல்லை. 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 சதவீதம். செப்டம்பரில் பதிவு முடிந்து கடனுக்குப் போனபோது வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஒத்துக்கொண்ட விலையைவிடக் குறைத்து எழுதியிருந்தார். வித்தியாசத்தை நான்தான் கையிலிருந்து போட வேண்டும். போட்டேன். எப்படி என்று இங்கே எழுத விருப்பமில்லை.

அந்த வாரம் அப்பா கேட்டார். “விலையெல்லாம் ஏறியிருக்குமே இப்போ?”

“ஏறியிருக்குப்பா.”

“ம்.”

வெளிப்புற லிப்டைக் கழற்றிக் கண்ணாடி போட்டபின் எடுத்த முழுப்படத்தை அவர் பெரிதாக்கி எண்ணியிருக்கிறார். “பத்தொன்பதுன்னு சொன்ன. கீழ இருந்து எண்ணினா நீ வட்டம் போட்ட ஜன்னல் பதினாறுதான் வருது.” சீனர்களுக்கு நாலு ஆகாது, வெள்ளைக்காரர்களுக்குப் பதின்மூன்று ஆகாது, அதனால் நாலு, பதின்மூன்று, பதினாலு என்ற எண்களையே கட்டுபவர் விட்டுவிட்டார் என்று சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். “இல்லாத மூணு மாடிக்கும் சேத்துல்லா துட்டு வாங்கியிருக்கான்!” சிரிப்பு அடங்கிய பிறகு, விலை பற்றி அவர் மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவரிடமிருந்து படம் வந்தது. காலை நடையில் எடுத்தது. எட்டயபுரம் ரோட்டுப் பிளாட். உடைமரத்தை வெட்டிவிட்டார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, வாங்கினவர் கடக்கால் தோண்டியிருந்தார். கீழே குரல் செய்தி: “இன்னைக்கு ஆரம்பிச்சிருக்கான். நல்ல மனுசன், டீ வாங்கிக் குடுத்தான்.”

இப்போது சனிக்கிழமை படங்கள் அங்கிருந்து வருகின்றன. போன வாரம் வாசக்கால் வைத்திருந்தார்கள். இடது பக்கம் அரை இஞ்ச் சாய்ந்திருக்கிறது, கொத்தனாரிடம் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான் என்று அப்பாவுக்குக் கோபம்.