நாலு கம்பியும் என் இடது கையும்



சென்ற ஆண்டு நம் பேரவை விழா இன்னிசையில், ட்ரம்ஸுக்குப் பின்னால் பச்சைக் கலர் கிடாரோடு ஒருவன் நின்றானே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது! அந்த 'யாருக்கும் ஞாபகம் இல்லாதவன்' அடியேன்தான்.

"ஏன்டா, ரெண்டு கம்பி அறுந்து போச்சா?" என்று கேட்ட அன்பர்களுக்கு ஒரு விளக்கம்: அது பேஸ் கிடார். அதற்கு நாலு கம்பிதான்.

எங்கள் வீடு ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கும். எங்கேயோ தூரத்தில் ஸ்பீக்கர் பாடும். பாட்டும் புரியாது, பாடுவது யாரென்றும் தெரியாது. ஆனால் 'தும்... தும்தும்' என்ற அடி ஒலி மட்டும் சுவரைத் தாண்டிப் பாயில் படுத்திருக்கும் என்னிடம் வந்துவிடும். தாழ்ந்த ஒலிக்கு அலைநீளம் அதிகம், அதனால் தடையை வளைத்துக்கொண்டு வருகிறது என்பதைப் பிறகுதான் பாடத்தில் படித்தேன். ஆசை அதற்கு முன்பே பிடித்துவிட்டது.

'ரமண மாலை' தந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் சும்மா தாளத்துக்குத் துணை போவதில்லை. தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அவரிடம் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். 1982-இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' பாடல்களை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் அந்தக் கீழ்க்குரல் காணாமலே போய்விடும்.

முதலாண்டு விடுமுறை முழுவதும் லேத் பட்டறையில் வேலை செய்த கூலியில், பழைய பேஸ் ஒன்று வாங்கினேன். கன்னங்கரேலென்று, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. கடையில் நான் பார்த்தது அழகை மட்டும்தான்!

ஒரே மாதம். இடது மணிக்கட்டில் வலி ஆரம்பித்தது. பள்ளி நாட்களில் கபடியில் உடைந்த என் சுண்டுவிரல் இன்றும் முழுசாக நீளாது. அதை இழுத்து இழுத்து வாசித்ததில் கையே வீங்கியது. ஒர்க்‌ஷாப்பில் அரத்தைப் பிடிக்க முடியவில்லை. கை நழுவி அரம் கீழே விழுந்தது. ப்ராக்டிகல் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

அம்மா அழாத குறையாகக் கேட்டார்: "உனக்குப் பாஸ் ஆகணுமா, பாட்டு வாசிக்கணுமா?"

ஆட்டோ ஓட்டும் அப்பா திட்டவில்லை. என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வண்டி ஷோக்கா இருந்தா போதுமாடா? க்ளட்ச் பிடிக்கிற கைக்கு எட்டணுமில்ல?" என்றார்.

அன்றிரவுதான் எனக்கு ஸ்டீல் ரூல் ஞாபகம் வந்தது. மெக்கானிக்கல் மாணவன் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம்!

பேஸின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. 1951-இல் லியோ ஃபெண்டர் தன் 'ப்ரெசிஷன்' பேஸை வெளியிட்டபோது, அதிரும் கம்பியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். அவர் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர், கிடார் வாசிக்கத் தெரியாதவர்! என் கறுப்பு பேஸும் அதே 34 அங்குலம். ஆனால் 30 அங்குல பேஸும் உண்டு. 1961-இல் பால் மெக்கார்ட்னி ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் அந்தக் குட்டி ரகம்தான்.

கணக்குப் போட்டேன். வீணைக்கு மெட்டு இருப்பதுபோல் இதற்கு ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை, பெரியதில் 130 மில்லிமீட்டர், சின்னதில் 114. என் சுண்டுவிரலுக்கு அந்த 16 மில்லிமீட்டர்தான் தகராறு! அதே கம்பி, அதே ஸ்வரம் என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது சுமார் 22 சதவீதம் குறைவு. கைக்குச் சுகம். குறையும் உண்டு: தடித்த கம்பி கொஞ்சம் தொளதொளக்கும்.

பத்து நாள் எதையும் தொடவில்லை. தேர்வு எழுதினேன், தேறினேன். பிறகு பஸ் ஏறிச் சென்னை அண்ணா சாலைக்குப் போனேன். 1842-இல் தொடங்கிய 'மியூசி மியூசிக்கல்' இருப்பது அங்கேதான். சாலையில் கடை கடையாக ஏறி, மடியில் வைத்துப் பார்த்தேன். 30 அங்குலத்தில் விரல் வலிக்காமல் எட்டியது. விலைதான் எட்டவில்லை!

கடைசியில் அது கிடைத்தது நம்ம ஊரிலேயே. சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு 30 அங்குல பேஸ் தூசி படிந்து கிடந்தது. பழைய அம்பாசடர் கார் பச்சை, ஓரமெல்லாம் பெயர்ந்த பெயின்ட். "உன் கறுப்பைக் குடு, இதை எடுத்துக்கோ தம்பி" என்றார். கைமாற்றிக்கொண்டோம். கறுப்பைக் கொடுக்கும்போது மனசு கொஞ்சம் வலித்தது. மணிக்கட்டு வலிக்கவில்லை.

எங்கள் பகுதிக்கு இது இன்னொரு விதத்திலும் பொருத்தம். 1896-இல் ரமணர் இவ்வூருக்கு வந்தார். இன்றும் மௌனம் தேடி உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அங்கே சத்தம் போட மயிலுக்கு மட்டும்தான் உரிமை! உள்ளே குடைவில்லாத இந்தக் கட்டைக் கிடாரை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது.

விழாவுக்கு முந்தைய ஒத்திகையில் ஒரு கம்பி தளர்ந்து, சில வினாடி வாசிப்பை நிறுத்தினேன். பாடிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "என்னடா, என்னமோ காணலியே?" என்றான்.

எனக்குக் கிடைத்த பரிசு அதுதான், நண்பர்களே! ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: எதை வாங்கினாலும், எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள். ஸ்டீல் ரூல் நம் எல்லோரிடமும் இருக்கிறதே!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்